தோல் அரிப்புக்குக் காரணம் எது? பேட்ச் டெஸ்ட்: முழுமையான வழிகாட்டி

பாத்திரம் கழுவும் சோப்புதான் கையைப் புண்ணாக்குகிறது என்று நானே முடிவுகட்டி, ரப்பர் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டேன். சில வாரங்களில் புறங்கை சிவந்து, ஊசிமுனை அளவுக் கொப்புளங்கள் நீர்கோத்து நின்றன. மணிக்கட்டில் கையுறை எங்கே முடிகிறதோ, அங்கேயே சிவப்பும் கோடு கிழித்தது போல முடிந்தது. அந்தக் கோட்டைத் தினமும் பார்த்தேன். அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. சோப்பை மூன்று முறை மாற்றினேன், களிம்பு போட்டேன், ஆறியது, மறுபடி வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை) செய்த பிறகுதான் தெரிந்தது: பாதுகாப்புக்கு மாட்டிய கையுறையே காரணம்.

தோல் அலர்ஜியால் அவதிப்படுகிற பலர் களிம்பை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், காரணத்தைத் தேடுவதில்லை. தேட ஒரு நல்ல வழி இருக்கிறது, அதுதான் பேட்ச் டெஸ்ட். ஆனால் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் ரிப்போர்ட் வாங்குகிற மாதிரியான டெஸ்ட் இல்லை இது. ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் நாம் செய்ய வேண்டிய வேலை நிறைய. அதைச் சரியாகச் செய்யாவிட்டால், டெஸ்ட் செய்தும் காரணம் கையில் சிக்காமல் போய்விடும்.

முதலில்: இது எந்த அலர்ஜிக்கான டெஸ்ட்?

அலர்ஜி என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று உடனே வருவது. ஏதோ ஒன்றைச் சாப்பிட்ட, தொட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, சில மணி நேரத்தில் மறைந்துவிடும். இதற்கு ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் காரணம். ரத்தப் பரிசோதனையும், தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்டும் இதற்குத்தான். பிரிக் டெஸ்டில் 15, 20 நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இன்னொன்று தாமதமாக வருவது. பொருள் தோலில் பட்டு ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று நாள் கழித்துச் சிவப்பு, அரிப்பு, கொப்புளம், அப்புறம் செதில் உதிர்தல் என்று படிப்படியாக வரும். இதில் வேலை செய்வது ஐஜிஇ இல்லை, டி செல் எனப்படும் வெள்ளணுக்கள். பேட்ச் டெஸ்ட் இந்த இரண்டாவது வகைக்கு மட்டும்தான். ஐஜிஇ ரத்தப் பரிசோதனையில் 'எல்லாம் நார்மல்' என்று வந்ததால் தனக்கு அலர்ஜியே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ரிப்போர்ட் தாமத அலர்ஜியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

என் கையுறைக் கதையிலேயே இரண்டு வகைக்கும் இடம் உண்டு. ரப்பரில் இயற்கையாக இருக்கும் லேட்டெக்ஸ் புரதத்துக்கு வருவது உடனடி அலர்ஜி; அது மூச்சுத்திணறல் வரைக்கும் போகலாம், பேட்ச் டெஸ்டில் தெரியாது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற ரசாயனங்களுக்கு வருவது தாமத அலர்ஜி. எனக்கு இருந்தது இந்த இரண்டாவது.

தாமத அலர்ஜி எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் டெஸ்டின் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும். தோலுக்குள் நுழையக்கூடியவை மிகச் சிறிய மூலக்கூறுகள்தான். நிக்கல் அயனி, வாசனைப் பொருள், கிருமி அண்டாமல் காக்கச் சேர்க்கும் ரசாயனம், சாயம் இவையெல்லாம் அப்படிப்பட்டவை. உள்ளே போனதும் அவை நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவல் இருக்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களிடம் காட்டுகின்றன. சிலருக்கு அந்த டி செல்கள் அதை எதிரி என்று பதிந்துகொள்ளும். இந்தப் பதிவு நடக்கக் குறைந்தது ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும்; வருஷக்கணக்கில் பழகிய பொருளுக்கும் திடீரென்று ஒருநாள் நடக்கலாம். 'பத்து வருஷமா இதே ஹேர் டைதான் போடறேன், அதுவா இருக்க முடியாது' என்ற வாதம் அதனால்தான் செல்லாது.

பதிந்த பிறகு, அந்த டி செல்கள் உடம்பு முழுக்கத் தோலில் சுற்றிக்கொண்டிருக்கும். கையில் வருகிற அலர்ஜிக்கு முதுகில் டெஸ்ட் செய்ய முடிவது இதனால்தான். 1895-இல் யோசெஃப் யாடஸோன் என்ற தோல் மருத்துவர் பாதரசத்தைத் தோலில் ஒட்டிவைத்து இதைக் காட்டினார். பொருளைச் சிறிதளவு ஒட்டிவைத்து, அலர்ஜியைச் சின்ன அளவில் வரவழைத்துப் பார்ப்பது என்ற அடிப்படை இன்றைக்கும் அதேதான்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

தோலில் பொருள் பட்டு வரும் அழற்சி எல்லாமே அலர்ஜி இல்லை. பெரும்பகுதி வெறும் எரிச்சல்: அடிக்கடி தண்ணீர், சோப்பு, கரைப்பான் பட்டுத் தோலின் மேலடுக்கு அரிக்கப்பட்டு வருவது. அது யாருக்கும் வரலாம். எரிச்சலில் எரிவும் வெடிப்பும் கூடுதல். அலர்ஜியில் அரிப்பு கூடுதல், பொருள் பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அனுபவம் உள்ள மருத்துவருக்கே கடினம். இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

கீழே சொல்பவற்றில் ஏதாவது பொருந்தினால் பேட்ச் டெஸ்ட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்:

- சில மாதங்களாக விட்டுவிட்டு வரும் கரப்பான் (எக்ஸிமா), மருந்தை நிறுத்தியதும் திரும்பி வருகிறது.
- முகம், கண் இமை, கை, பாதம், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஓரம் போன்ற இடங்களில் தனியாக வருகிறது.
- வேலை நாளில் கூடுகிறது, விடுமுறையில் குறைகிறது.
- முன்பிருந்தே கரப்பான் உள்ளவருக்குத் திடீரென்று மோசமாகிறது, அல்லது புது இடத்தில் வருகிறது.
- புண்ணுக்கோ கரப்பானுக்கோ போட்ட களிம்பால் அதிகமாகிறது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் நம்ப மாட்டார்கள். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி, மரப்புக் களிம்பில் உள்ள பென்சோகெயின், களிம்பின் அடிப்பொருளாக வரும் லானோலின், ஏன், அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பே கூட அலர்ஜி தரலாம்.

படி 2: உடம்பையே வரைபடமாக்குங்கள்

டெஸ்டுக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். முதல் பக்கத்தில் உடம்பை முன்னும் பின்னும் கோட்டோவியமாக வரைந்து, தடிப்பு எங்கே தொடங்கியது, எங்கே பரவியது என்று நிழலிடுங்கள். இடம் நிறையச் சொல்லும். தொப்புளுக்குக் கீழே வட்டமாக வந்தால் பேன்ட் பொத்தான் அல்லது பெல்ட் பக்கிளில் உள்ள நிக்கல். நெற்றியின் முடியோரம், காது, பிடரி என்றால் ஹேர் டை அல்லது ஷாம்பு. அக்குளின் குழியில் வந்தால் டியோடரன்ட். குழியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மடிப்பில் வந்தால் துணியின் சாயத்தைச் சந்தேகிக்கலாம். புறங்காலில் வந்தால் செருப்பு, ஷூவின் தோல் அல்லது பசை.

கண் இமை மட்டும் ஏமாற்றும். அந்தத் தோல் மிக மெல்லியது என்பதால், வேறு இடத்தில் போட்ட பொருள் கைபட்டு அங்கே வந்து வேலையைக் காட்டும். நெயில் பாலிஷ் போட்ட விரலில் ஒன்றுமே இருக்காது, இமை வீங்கியிருக்கும். தலைக்குத் தேய்த்த ஷாம்பு வழிந்தும் இமை, கழுத்தோரத்தில் தடிப்பு வரும்.

அடுத்த பக்கங்களில் நாள்வாரியாக: இன்றைக்குத் தோலில் என்னென்ன பட்டது, எத்தனை மணிக்கு, அரிப்பு எப்படி. எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இன்று வந்த தடிப்புக்குக் காரணம் இன்றைக்குத் தொட்டதாக இருக்க வேண்டியதில்லை. நேற்றோ முந்தாநாளோ தொட்டதாக இருக்கலாம். அதனால்தான் ஞாபகத்தை மட்டும் நம்பிக் காரணம் தேடினால் தப்பான பொருளையே பிடிப்போம். போனில் படமும் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் சுத்தமாக இருந்துவிட்டால் படம்தான் பேசும்.

படி 3: சாமான் பை

தோலில் படுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். சோப்பு, ஷாம்பு, கிரீம், சன்ஸ்கிரீன், மேக்கப், டியோடரன்ட், ஹேர் டை, பற்பசை, ஈரத் துடைப்பான், கையுறை, போட்டுவந்த எல்லாக் களிம்புகளும். பொருள் எது என்பதோடு அதன் அட்டை, லேபிள் எல்லாமும் வேண்டும். சேர்மானப் பட்டியல் பல சமயம் அட்டைப்பெட்டியில் மட்டும்தான் இருக்கும். நாம் முதலில் தூக்கியெறிவதும் அதைத்தான்.

'இயற்கையானது' என்று எழுதியதையும் விட்டுவிடாதீர்கள். லாவெண்டர் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், தேனீக்களின் பிசினான புரோபோலிஸ் எல்லாமே அலர்ஜி தரக்கூடியவை. வாசனை எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் இரண்டும் காற்றுப்பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகுதான் வீரியமான அலர்ஜிப் பொருளாகின்றன. திறந்து வெகுநாளான பாட்டில் புதியதை விடக் கெடுதல் செய்வது அதனால்தான்.

வேலையிடத்தில் ரசாயனம் புழங்குகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ள பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சிமென்ட்டில் குரோமேட், பெயின்ட்டிலும் பசையிலும் எபாக்ஸி பிசின், ஜெல் நகப்பூச்சில் அக்ரிலேட் என்று தொழிலுக்குத் தொழில் சந்தேகப் பட்டியல் மாறும். அதைப் பார்த்துத்தான் எந்தெந்தப் பொருளை ஒட்டுவது என்று மருத்துவர் முடிவு செய்வார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேட்ச் டெஸ்ட் நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஒட்டாத பொருளைப் பற்றி முதுகு வாய் திறக்காது.

படி 4: மருந்தும் நேரமும்

டெஸ்டைக் குழப்பக்கூடியவை இவை: முதுகில் போடும் ஸ்டீராய்டு களிம்பு, வாய்வழியாக எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள், வெயிலில் அல்லது புற ஊதாக் கதிர் சிகிச்சையில் முதுகு காய்ந்திருப்பது. களிம்பை முதுகில் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கை கால்களில் தொடர்ந்து போடலாம். வெயில் காய்ந்திருந்தால் சில வாரம் தள்ளிவைப்பார்கள். மாத்திரையாக எடுக்கும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அளவைக் குறைப்பதா, அப்படியே டெஸ்ட் செய்வதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அரிப்புக்குப் போடும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. அது தடுப்பது உடனடி அலர்ஜியை. இந்த டெஸ்டில் வேலை செய்வது டி செல்.

கர்ப்பமாக இருந்தால் முன்னெச்சரிக்கையாகத் தள்ளிவைப்பது வழக்கம். முதுகிலேயே கரப்பான் தீவிரமாக இருந்தாலும் ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். தோல் கொந்தளித்திருக்கும்போது ஒட்டினால் சம்பந்தமில்லாத இடமெல்லாம் சிவந்து, எது உண்மை எது பொய் என்று பிரிக்கவே முடியாது. மருத்துவர்கள் இதைக் 'கோபமான முதுகு' என்பார்கள். பொருத்தமான பெயர்.

அப்புறம் நாட்காட்டி. ஒட்டும் நாள், பிரிக்கும் நாள், மறுபடி பார்க்கும் நாள் என்று குறைந்தது மூன்று முறை போக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்பது பரவலான ஏற்பாடு. இந்த வாரத்தில் உடற்பயிற்சி, நீச்சல், வியர்க்கும் வேலை, தலைக்குக் குளியல் எதுவும் இல்லாத மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். முதுகில் முடி அதிகமிருந்தால் ஓரிரு நாள் முன்பே டிரிம்மரால் எடுத்துவிடலாம். டெஸ்ட் நாள் காலையில் நன்றாகக் குளித்துவிட்டு, முதுகில் எண்ணெயோ கிரீமோ தடவாமல் போங்கள். பழைய, தளர்வான, கறை பட்டால் பரவாயில்லாத சட்டை போதும்; குறியிடும் மை துணியில் ஒட்டினால் போகாது.

படி 5: ஒட்டும் நாள்

ஊசி கிடையாது, வலி கிடையாது. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னச் சின்னத் தட்டுகள், டேப்பில் பத்துப் பத்தாக வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், பெரும்பாலும் வெள்ளை வாசலினில் குழைத்தது, சில நீரில் கரைத்தது. அளவுகள் பல வருஷ ஆய்வில் வகுத்தவை: நிக்கல் சல்ஃபேட் 5 அல்லது 2.5 சதவீதம், பொட்டாசியம் டைகுரோமேட் 0.5 சதவீதம், ஹேர் டையில் வரும் பாராஃபினைலீன்டையமீன் 1 சதவீதம், தையூரம் கலவை 1 சதவீதம். கூடிப்போனால் அலர்ஜி இல்லாதவருக்கும் தோல் வெந்துவிடும். குறைந்தால் அலர்ஜி உள்ளவருக்கும் ஒன்றும் தெரியாது.

எல்லோருக்கும் பொதுவாக ஒட்டும் அடிப்படை வரிசையில் 30 பொருள் போல இருக்கும். சில இடங்களில் 80, 90 வரை போவார்கள். உலோகங்கள், வாசனைக் கலவைகள், பெரு பால்சம் என்ற வாசனை மரப்பிசின், கொலோஃபோனி என்ற பைன் மரப்பிசின், ஃபார்மால்டிஹைடு, மெத்தில்ஐசோதயாசோலினோன் போன்ற கிருமி அண்டாமல் காக்கும் ரசாயனங்கள், ரப்பர் ரசாயனங்கள், நியோமைசின், லானோலின் போன்றவை அதில் வரும். அதற்கு மேல் உங்கள் தொழிலுக்கும் சாமான் பைக்கும் ஏற்பச் சேர்ப்பார்கள்.

மேல்முதுகில், தண்டுவடத்தை விட்டு இரு பக்கமும் ஒட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் மையால் குறியிட்டு, வரைபடம் எழுதிக்கொள்வார்கள். அந்த வரைபடத்தை நீங்களும் படமெடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை.

படி 6: ஒட்டியிருக்கும் 48 மணி நேரம்

முதுகு நனையக் கூடாது. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். குனிந்து பாரம் தூக்குவது, கையை நீட்டி மேலே எடுப்பது எல்லாம் டேப்பைக் கிளப்பிவிடும். ஓரம் கிளம்பினால் மேலே டேப் போட்டு அழுத்துங்கள். ஒரு வரிசையே கழன்றுவிட்டால் திரும்ப ஒட்டப் பார்க்காமல், எப்போது கழன்றது என்று எழுதிவைத்து மருத்துவமனைக்குத் தெரியப்படுத்துங்கள்.

அரிக்கும். முதல் இரவு எனக்கு டேப்பே அரித்தது. இரண்டாம் நாள் மாலை இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக, ஆழமாக அரித்தது. அதையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். சொறியாதீர்கள், குளிர்ந்த துணியை மேலே வைத்துக்கூட நனைக்காதீர்கள். தாங்க முடியாத எரிவு, வலி ஏதாவது ஓர் இடத்தில் வந்தால் மட்டும் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட முடியும்.

படி 7: பிரித்ததும் வரும் முதல் பார்வை

48 மணி நேரத்தில் டேப்பை உரிப்பார்கள். உரித்த வேகத்தில் முதுகே சிவந்திருக்கும் என்பதால் அரை மணி நேரமாவது உட்காரவைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். குறியீடுகள் இவை:

?+ லேசான சிவப்பு மட்டும், சந்தேகம்.
+ சிவந்து, தொட்டால் தடிப்பு தெரிகிறது.
++ தடிப்பு, பருக்கள், சின்ன நீர்க்கொப்புளங்கள்.
+++ கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகியிருக்கின்றன.

கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ, வெறும் மேடாகவோதான் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, விரலால் தடவிப் பார்த்தால்தான் பிடிபடும். உங்கள் முதுகைத் தொடாமலே 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால், தொட்டுப் பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

முதல் பார்வையில் ஒன்றும் இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். நிறைய இருந்தால் உடனே முடிவுகட்டவும் வேண்டாம். எரிச்சலால் வந்த சிவப்பு இப்போது உச்சத்தில் இருக்கும். தட்டின் வட்டத்துக்குள்ளேயே கூர்மையான விளிம்போடு நின்று, அடுத்த ஓரிரு நாளில் மங்கும். உண்மையான அலர்ஜி நாளாக ஆகக் கூடும், வட்டத்தைத் தாண்டும், அரிக்கும்.

படி 8: இரண்டாம் பார்வையைத் தவறவிடாதீர்கள்

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வரும் இந்தப் பார்வைதான் டெஸ்டின் உயிர். 'அரிப்பே இல்லையே, எதற்கு மறுபடி போக வேண்டும்' என்று இங்கே நின்றுவிடுபவர்கள் உண்டு. எனக்கு 48 மணி நேரத்தில் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று, அந்த அரித்த புள்ளி: நிக்கல். தையூரத்தின் இடம் அப்போது வெறும் வழவழப்பான தோல். நான்காம் நாள் அதே இடத்தில் விரலை ஓட்டினால் பொடி மணல் போல நெருடியது.

நியோமைசின், ஸ்டீராய்டு, சில உலோகங்கள், அக்ரிலேட் போன்றவை இன்னும் மெதுவானவை. அவற்றில் சந்தேகம் இருந்தால் ஏழாம் நாளும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டின் கதை தனி. அதற்கு அலர்ஜியை அடக்கும் குணமும் இருப்பதால், பொருள் அதிகமாக உள்ள நடுப்பகுதி அமைதியாக இருக்கும். குறைவாகப் பரவிய விளிம்பு மட்டும் வளையமாகச் சிவக்கும். மருந்து கொஞ்சம் வடிந்த பிறகே நடுவிலும் தெரியும்.

கடைசிப் பார்வை முடியும்வரை முதுகைத் தேய்த்துக் குளிக்காதீர்கள். மை அழிந்தால் எந்தப் பொருள் எந்த இடம் என்று தெரியாமல் போய்விடும். முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பத்து நாள், இரண்டு வாரம் கழித்து ஏதாவது ஓர் இடம் புதிதாகச் சிவந்தால் படமெடுத்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். டெஸ்டே புதிய அலர்ஜியைப் பதியவைப்பது அபூர்வமாக நடக்கும். கறுப்புத் தழும்பு போலச் சில வாரம், சில மாதம் நிற்பது அதை விடச் சாதாரணம், தானாக மங்கிவிடும்.

படி 9: பாசிட்டிவ் என்றால் அதுதான் காரணமா?

இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் நல்ல பேட்ச் டெஸ்டும் வெறும் பேட்ச் டெஸ்டும் பிரிகின்றன. என் முதுகில் பெரிதாக, கொப்புளத்தோடு நின்றது நிக்கல், ++. தையூரம் வெறும் +. வலுவாக வந்ததுதான் குற்றவாளி என்று எடுத்திருந்தால், நான் வீட்டிலுள்ள சாவி, கத்தரிக்கோல், பாத்திரப் பிடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டே இருந்திருப்பேன். மருத்துவர் கேட்டார்: சின்ன வயதில் கவரிங் தோடு போட்டால் காதில் நீர் வடியுமா? வடியும். அப்படியானால் நிக்கல் அலர்ஜி உண்மை, ஆனால் பழைய கதை. கையின் கதைக்கு எது பொருந்துகிறது? மணிக்கட்டுக் கோடு. அந்தக் கையுறைத் துண்டையே முதுகில் ஒட்டியிருந்தார், அதுவும் +.

ஒவ்வொரு பாசிட்டிவுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருள் இப்போது நான் தொடுகிற எதிலாவது இருக்கிறதா? அது படுகிற இடமும் தடிப்பு வரும் இடமும் பொருந்துகிறதா? நிறுத்தினால் குறைகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் காரணம் அதுதான். உலோகம் என்றால் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது: டைமெத்தில்கிளையாக்ஸைம் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், நிக்கல் வெளியாகும் பொருளில் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

ஒரு பெயருக்குப் பின்னால் குடும்பமே இருக்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாராஃபினைலீன்டையமீனுக்கு அலர்ஜி உள்ளவருக்குச் சில துணிச் சாயங்களும் பென்சோகெயினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஃபார்மால்டிஹைடு பாசிட்டிவ் என்றால், லேபிளில் அந்தப் பெயரே இல்லாமலும் இருக்கலாம். டிஎம்டிஎம் ஹைடான்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 போன்றவை மெதுவாக அதைக் கசியவிடும்.

எல்லாம் நெகட்டிவ் என்று வந்தால் மூன்று சாத்தியம்: அது எரிச்சல் வகை, வேறு தோல் நோய், அல்லது சரியான பொருளை ஒட்டவில்லை. வெயில் பட்ட இடத்தில் மட்டும் வருகிறது என்றால் ஒட்டியதன் மேல் புற ஊதாக் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் ஃபோட்டோபேட்ச் டெஸ்ட் தேவைப்படலாம்.

வீட்டில் செய்யலாமா?

தடவிவிட்டுக் கழுவாமல் விடுகிற கிரீம், லோஷன் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு முறை உண்டு. முழங்கையின் உள்மடிப்பில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சதுரத்தில், தினமும் இரண்டு வேளை, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை தடவிப் பாருங்கள். இடையில் சிவந்து அரித்தால் நிறுத்திவிடுங்கள். பேட்ச் டெஸ்டில் சந்தேகமாக வந்த பொருளை உறுதிப்படுத்தவும் மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள்.

சோப்பு, ஷாம்பு, தரை கழுவும் திரவம், பெயின்ட், பசை எதையும் வீட்டில் டேப் போட்டு மூடி ஒட்டாதீர்கள். மூடிவைத்தால் அவை யாருடைய தோலையும் பொசுக்கலாம். ஆறாத தழும்பும் மிஞ்சலாம். அதில் வருகிற சிவப்பு அலர்ஜிக்குச் சாட்சியும் ஆகாது.

படி 10: பட்டியலோடு வாழ்வது

மருத்துவரிடமிருந்து பொருளின் பெயர், அதன் மாற்றுப் பெயர்கள், எவற்றில் இருக்கும் என்ற குறிப்பு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுத்துக்கூட்டல் பிசகாமல் போனில் சேமித்துவைத்து, எதை வாங்கும்போதும் லேபிளோடு ஒப்பிடுங்கள். தெரிந்த பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். அறிவிக்காமல் சேர்மானத்தை மாற்றுவார்கள். வாசனை அலர்ஜி உள்ளவர்கள் 'வாசனை இல்லை' என்ற முகப்பு எழுத்தை நம்ப வேண்டாம். வாடையை மறைக்க வேறு வாசனையைச் சேர்த்தும் அப்படிப் போடுவதுண்டு. பின்பக்கத்தில் பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ் என்ற சொல் இல்லாமல் இருக்க வேண்டும்.

கையுறை விஷயத்தில் நானே இரண்டாவது முறை வழுக்கினேன். ரப்பர் வேண்டாம் என்று நைட்ரைல் கையுறைக்கு மாறினேன். கை பாதிதான் ஆறியது. நைட்ரைலிலும் பலவற்றில் அதே குடும்ப ரசாயனங்கள் உண்டு. 'ஆக்சிலரேட்டர் (பதப்படுத்தச் சேர்க்கும் அந்த ரசாயனங்கள்) இல்லாதது' என்று தெளிவாகச் சொல்லும் கையுறையோ, வினைல் கையுறையோதான் சரி. உள்ளே மெல்லிய பருத்தி உறையும் போட்டுக்கொண்டால் வியர்வை குறையும்.

பொறுமை இங்கே ரொம்ப முக்கியம். காரணத்தை நிறுத்திய மறுநாளே தோல் சரியாகாது. ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை மருத்துவர் தந்த களிம்பையும் ஈரப்பதம் காக்கும் கிரீமையும் விடாதீர்கள். அலர்ஜிப் பதிவு பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். இரண்டு மாதம் கழித்தும் குறையவில்லை, அல்லது ஆறிய பிறகு புது இடத்தில் தொடங்குகிறது என்றால் நோட்டை மறுபடி திறந்து, அதே ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போங்கள். எனக்கு ஒன்பதாவது வாரத்தில் புறங்கை பழைய நிறத்துக்கு வந்தது. மணிக்கட்டுக் கோடு போக இன்னும் கொஞ்ச நாள் ஆனது.